நீர்மட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

ஆறு, அணை, கிணறு, கடல், கொதிகலன், கட்டுமானத் தளம் என ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல இடங்களில் 'நீர்மட்டம்' என்ற ஒரே சொல் புழங்குகிறது. செய்திகளில் அன்றாடம் வந்துபோகும் சொல் என்பதால் அதன் பொருள் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால், அதனுடன் சேர்த்துச் சொல்லப்படும் எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அந்தக் குழப்பத்தையொட்டி அடிக்கடி எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

நீர்மட்டம் என்பது எதைக் குறிக்கிறது?

தேங்கி நிற்கும் நீராயினும் ஓடும் நீராயினும், அதன் மேற்பரப்பு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட ஒரு நிலையான புள்ளியிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்வதே நீர்மட்டம். நீரின் மேற்பரப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. எந்தப் புள்ளியோடு அதை ஒப்பிடுகிறார்கள் என்பது மட்டும் தெரிவதில்லை. அதனால்தான் பெரும்பாலானோர் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அது எங்கிருந்து எண்ணப்பட்டது என்பதை விட்டுவிடுகிறார்கள். 'நீர்மட்டம் 35 அடி' என்று ஒருவர் சொன்னால், எதிலிருந்து 35 அடி என்பது தெரியும்வரை அந்தத் தகவல் அரைகுறையானதே.

நீர்மட்டமும் நீரின் ஆழமும் ஒன்றுதானே?

இல்லை. ஆழம் என்பது நீரின் மேற்பரப்பிலிருந்து அதற்கு நேர் கீழே உள்ள தரைவரையிலான தொலைவு. ஆற்றின் படுகை மேடும் பள்ளமுமாக இருப்பதால், ஒரே நேரத்தில் ஒரே ஆற்றில் பத்து அடி தள்ளி நின்றால்கூட ஆழம் மாறிவிடும். அந்த இடத்தின் நீர்மட்டம் மாறாது. நீர்மட்டத்தைக் காட்ட ஆற்றில் நிறுத்தப்படும் அளவுகோலின் சுழியம் பெரும்பாலும் ஆற்றின் அடித்தரையோடு ஒட்டி இருப்பதில்லை. படுகை அரிக்கப்பட்டும் மணல் சேர்ந்தும் காலப்போக்கில் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், அதற்குக் கட்டுப்படாத ஒரு புள்ளியைத்தான் சுழியமாக வைத்துக்கொள்கிறார்கள்.

ஜெர்மனியில் ரைன் ஆற்றின் கரையிலுள்ள காவுப் என்ற ஊரின் அளவுகோல் இதற்கு நல்ல சான்று. 2022 ஆகஸ்ட் மாத வறட்சியில் அந்த அளவுகோல் 40 சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கியது. செய்தியைக் கேட்ட பலர், ஐரோப்பாவின் மிக முக்கியமான சரக்குப் பாதைகளுள் ஒன்றில் முழங்காலளவு நீர்தான் மிஞ்சியிருக்கிறது என்று நினைத்தார்கள். உண்மையில் அங்கே அளவுகோல் 77 சென்டிமீட்டர் காட்டும்போது கப்பல்கள் செல்லும் தடத்தில் 1.90 மீட்டர் ஆழம் இருக்கும் என்பது கணக்கு. ஆகவே 40 சென்டிமீட்டர் காட்டியபோதும் தடத்தில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஆழம் இருந்தது. அது பெரிய சரக்குக் கப்பல்கள் முழுச் சுமையோடு செல்லப் போதாது. சுமையைக் குறைத்துக்கொண்டு அவை தொடர்ந்து ஓடின.

அப்படியானால் சுழியப் புள்ளியை யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

இரண்டு வழிகள் உண்டு. ஓர் ஆற்றுக்கோ ஏரிக்கோ உரிய அளவுகோலை நிறுவும்போது, அதுவரை கண்ட மிகக் குறைந்த மட்டத்துக்கும் கீழே ஒரு புள்ளியைத் தேர்ந்து அதையே சுழியமாக வைத்துக்கொள்வது ஒரு வழி. எதிர்மறை எண்கள் வராமல் இருக்கும் என்பதே இதன் பயன். அந்தப் புள்ளி நகர்ந்துவிடாமல் இருக்க, கரையில் உறுதியான பாறையிலோ கட்டடத்திலோ ஒரு நிலைக்குறி பொறித்து, அதனுடன் ஒப்பிட்டு அளவுகோலை அவ்வப்போது சரிபார்ப்பார்கள். இந்த முறையில் கிடைக்கும் எண் அந்த ஓர் இடத்துக்கு மட்டுமே பொருந்தும். மேலே இருக்கும் ஊரின் எண்ணையும் கீழே இருக்கும் ஊரின் எண்ணையும் நேரடியாக ஒப்பிட முடியாது.

நாடு முழுவதற்கும் பொதுவான ஓர் அடிப்படை மட்டத்திலிருந்து அளப்பது மற்றொரு வழி. பெரும்பாலான நாடுகள் ஏதேனும் ஒரு துறைமுகத்தில் நீண்ட காலம் அளந்து கண்ட சராசரிக் கடல்மட்டத்தை இதற்காக எடுத்துக்கொண்டுள்ளன. பிரிட்டனுக்கு நியூலின் துறைமுகத்தில் 1915 முதல் 1921 வரை எடுத்த அளவுகள் அடிப்படை. ஆம்ஸ்டர்டாம் நகரில் 17-ஆம் நூற்றாண்டில் மதகுகளில் பதிக்கப்பட்ட பளிங்குக் கற்களிலிருந்து தொடங்கிய மட்டம், பின்னர் நெதர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் அண்டை நாடுகள் சிலவற்றுக்கும் அடிப்படையாயிற்று.

நாட்டுக்கு நாடு அடிப்படை வேறுபடுவதை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு, ரைன் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்துள்ள லாஃபன்பர்க் ஊரில் கட்டிய பாலத்தைச் சொல்லலாம். ஸ்விட்சர்லாந்து மத்தியதரைக் கடலை வைத்தும் ஜெர்மனி வட கடலை வைத்தும் உயரத்தைக் கணக்கிடுகின்றன. இரண்டுக்கும் இடையே 27 சென்டிமீட்டர் வேறுபாடு உண்டு. பொறியாளர்களுக்கு இது தெரிந்தே இருந்தது, கணக்கிலும் சேர்த்தார்கள். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டதால் வேறுபாடு நீங்குவதற்குப் பதிலாக இரட்டிப்பாகி, 2003-இல் பாலத்தின் இரு பக்கங்களும் 54 சென்டிமீட்டர் ஏற்ற இறக்கத்தோடு நின்றன. கட்டுமானம் முடிவதற்குள் கண்டுபிடிக்கப்பட்டதால் ஒரு பக்கத்தைத் திருத்திச் சரிசெய்ய முடிந்தது.

கடல்மட்டம் என்பது எப்போதும் மாறிக்கொண்டே இருக்கும்போது, அதை எப்படி அடிப்படையாக வைக்க முடியும்?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கடல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஓதங்களால் அது நாள்தோறும் ஏறி இறங்குகிறது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் இந்த ஏற்ற இறக்கம் 16 மீட்டர் அளவுக்குப் போகிறது. காற்று கரையை நோக்கி வீசினால் நீர் குவிகிறது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயர்கிறது. புயல் கரையைக் கடக்கும்போது கடல் ஊருக்குள் புகுவதற்கு இந்த அழுத்தக் குறைவு ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் காற்றின் தள்ளுவிசை.

ஆகவே ஒரு நாள் அளவையோ ஓர் ஆண்டு அளவையோ நம்ப முடியாது. நிலவின் பாதை சாய்வில் 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும் ஒரு சுழற்சி இருப்பதால், ஏறக்குறைய 19 ஆண்டு அளவுகளின் சராசரியைக் கணக்கிடுவது வழக்கம். அப்படிக் கிடைக்கும் சராசரிகூட உலகெங்கும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. பனாமா கால்வாயின் இரு முனைகளையும் ஒப்பிட்டால், பசிபிக் பக்கத்தின் சராசரி மட்டம் அட்லாண்டிக் பக்கத்தைவிட ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உயர்வாக இருக்கிறது. நீரின் உப்புத்தன்மை, வெப்பநிலை, நீரோட்டம், காற்று ஆகியவை இதற்குக் காரணம். இந்த வேறுபாட்டுக்காகத்தான் அங்கே மதகுகள் கட்டப்பட்டன என்று பலர் நம்புகிறார்கள். அது சரியன்று. கடல்மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே இருக்கும் காட்டுன் ஏரியின் வழியாகக் கப்பல்களை ஏற்றி இறக்குவதற்காகவே மதகுகள் தேவைப்பட்டன.

கடல்மட்டத்துக்குக் கீழே நீர்மட்டம் இருக்க முடியுமா?

தாராளமாக இருக்க முடியும். காஸ்பியன் கடலின் மேற்பரப்பு உலகக் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 28 மீட்டர் கீழே இருக்கிறது. சாக்கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 430 மீட்டர் கீழே இருக்கிறது. அதில் வந்து விழும் ஜோர்டான் ஆற்றின் நீர் பெருமளவு திருப்பிவிடப்பட்டதால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வீதம் இன்னும் இறங்கிக்கொண்டே போகிறது. இவை இரண்டும் பெருங்கடலோடு இணையாதவை என்பதால் அவற்றின் மட்டம் தனிக் கணக்கு.

அணையின் நீர்மட்டம் பாதியாகக் குறைந்தால் இருப்பும் பாதியாகக் குறைந்துவிட்டது என்று கொள்ளலாமா?

கூடாது. நீர்மட்டம் பற்றிய தவறான முடிவுகளில் மிகுதியானவை இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கின்றன என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

நீர்த்தேக்கம் என்பது பெரும்பாலும் இரு மலைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கு. அடியில் குறுகலாகவும் மேலே போகப் போக அகலமாகவும் இருக்கும். ஆகையால் மேல்பகுதியின் ஓர் அடியில் அடங்கும் நீர், அடிப்பகுதியின் ஓர் அடியில் அடங்கும் நீரைப் போலப் பல மடங்கு. அதனால் நிரம்பியிருக்கும் அணை மேலிருந்து ஓர் அடி இறங்கினால் பெருமளவு நீர் போய்விடும். அடிமட்டத்துக்கு அருகில் ஓர் அடி ஏறினால் மிகக் கொஞ்சமே சேர்ந்திருக்கும். ஒவ்வொரு மட்டத்துக்கும் எவ்வளவு கொள்ளளவு என்பதை நிலஅளவையின் மூலம் கண்டு, அட்டவணையாக வைத்திருப்பார்கள். வண்டல் படியப் படிய அந்த அட்டவணையும் பழசாகிவிடும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஹூவர் அணையின் பின்னே இருக்கும் மீட் ஏரியை எடுத்துக்கொள்வோம். அதன் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து அடிக்கணக்கில் சொல்லப்படுகிறது. நிரம்பிய நிலையில் அது 1,229 அடி. 2022 ஜூலையில் அது ஏறக்குறைய 1,040 அடிக்கு இறங்கியது. எண்களை மட்டும் பார்ப்பவர் 1,229-இல் 1,040 என்பது 85 விழுக்காடு, ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை என்பார். அப்போது அங்கே இருந்த நீரோ மொத்தக் கொள்ளளவில் 27 விழுக்காடுதான். ஏரியின் அடித்தரையே கடல்மட்டத்துக்குப் பல நூறு அடி மேலே இருப்பதும், பள்ளத்தாக்கு மேலே விரிந்து செல்வதும் சேர்ந்து இந்த ஏமாற்றத்தைத் தருகின்றன. மேலும் 895 அடிக்குக் கீழே போனால் அணையிலிருந்து நீர் வெளியேற வழியே இல்லை. 1,040 என்ற எண்ணை உண்மையில் ஒப்பிட வேண்டியது இந்த 895-உடன்தான், சுழியத்துடன் அல்ல.

அணையின் நிலவரத்தை மக்களுக்குச் சொல்பவர்கள் நீர்மட்டத்தோடு இருப்பின் விழுக்காட்டையும் கட்டாயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். மட்டம் மட்டும் தெரிந்தால் அணையைக் கண்காணிப்பவர்களுக்குப் போதும். தண்ணீரை நம்பி இருப்பவர்களுக்குப் போதாது.

அணைகள் தொடர்பாக வெவ்வேறு மட்டங்களைக் குறிப்பிடுகிறார்களே, அவை என்ன?

வழக்கமான இயக்கத்தில் நீரைத் தேக்கக்கூடிய மிக உயர்ந்த அளவு முழுக் கொள்ளளவு மட்டம். எதிர்பாராத பெருவெள்ளம் வரும்போது, மதகுகள் எல்லாம் திறந்த நிலையிலும் தற்காலிகமாக அதற்கு மேலே ஏறக்கூடிய எல்லை, உச்ச வெள்ள மட்டம். அணையின் மேல்விளிம்பு இதைவிடவும் சற்று உயரத்தில் இருக்கும். அலைகள் தாண்டி வழியாமல் இருக்க விடப்படும் இடைவெளி அது. எல்லாவற்றுக்கும் கீழே, பாசன மதகின் வாய்க்குக் கீழ்ப்பட்ட நீர் தானாக வெளியேற முடியாது என்பதால் அந்த அளவைப் பயன்படா இருப்பு மட்டம் என்பார்கள்.

இவற்றோடு, பருவத்துக்கேற்ற மட்டமும் உண்டு. சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையின் முழு மட்டம் 175 மீட்டர். ஆனால் வெள்ளக் காலம் தொடங்குவதற்கு முன்பே அதை 145 மீட்டருக்கு வேண்டுமென்றே இறக்கிவைக்கிறார்கள். இடைப்பட்ட 30 மீட்டரில் ஏறக்குறைய 2,200 கோடி கன மீட்டர் வெள்ளநீரைத் தாங்கிக்கொள்ள இடம் கிடைக்கிறது. மழைக்கு முன் அணையைக் காலியாக வைப்பது வீண் என்று கருதுவோர், மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் அணை நிரம்பியிருக்க வேண்டும், வெள்ளத்தைத் தடுக்க அது காலியாக இருக்க வேண்டும் என்ற முரண்பாட்டைக் கவனிப்பதில்லை. அணையை இயக்குபவர்களின் பணி முழுவதும் இந்த முரண்பாட்டுக்குள்தான் நடக்கிறது.

நீர்மட்டத்தை வைத்து ஆற்றில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்று சொல்ல முடியுமா?

முடியும், ஆனால் முன்கூட்டியே ஒரு வேலை செய்திருக்க வேண்டும். நொடிக்கு எத்தனை கன அடி அல்லது கன மீட்டர் நீர் செல்கிறது என்பதே ஓட்ட அளவு. அதை நேரடியாக இடைவிடாது அளப்பது கடினம். மட்டத்தை அளப்பது எளிது. ஆகையால் ஆற்றின் ஓர் இடத்தில் வெவ்வேறு மட்டங்களின்போது குறுக்குவெட்டின் பரப்பையும் நீரின் வேகத்தையும் அளந்து, பெருக்கி, மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு வளைகோடாக வரைந்துவைப்பார்கள். அதன்பின் அளவுகோலைப் படித்தாலே ஓட்டத்தைக் கண்டுவிடலாம்.

இந்த வளைகோட்டை நிரந்தரமானதாகக் கருதக் கூடாது. ஒரு பெருவெள்ளம் படுகையை அரித்துவிட்டால், அடுத்த முறை அதே ஓட்டத்துக்கு மட்டம் குறைவாகக் காட்டும். கரையில் செடிகொடிகள் அடர்ந்தால் வேகம் குறைந்து மட்டம் கூடும். மேலும், வெள்ளம் ஏறிவரும்போது நீரின் சரிவு கூடுதலாக இருப்பதால், ஒரே மட்டத்தில் ஏறும் வெள்ளம் வடியும் வெள்ளத்தைவிட அதிக நீரைச் சுமந்து செல்கிறது. மணல் மிகுதியாக அள்ளப்பட்ட ஆறுகளில் படுகையே பல அடி இறங்கிவிடுவதால், முன்பு வெள்ளம் என்று கருதப்பட்ட அளவு நீர் இப்போது தாழ்ந்த மட்டத்திலேயே சென்றுவிடும். அத்தகைய ஆறுகளில் பழைய பதிவுகளை இன்றைய மட்டத்தோடு ஒப்பிட்டு 'நீர்வரத்து குறைந்துவிட்டது' என்று முடிவுகட்டுவது தவறு.

வெள்ள அபாய மட்டம் எதை வைத்துக் குறிக்கப்படுகிறது?

அந்தந்த இடத்தின் கரை உயரம், தாழ்வான குடியிருப்புகள், சாலைகள், முந்தைய வெள்ளங்களின் அனுபவம் ஆகியவற்றை வைத்து எச்சரிக்கை மட்டம், அபாய மட்டம் என்று படிநிலைகள் வகுக்கப்படுகின்றன. ஓர் ஊரின் அபாய மட்டம் அடுத்த ஊருக்குப் பொருந்தாது.

எண்களைவிடக் கண்ணால் காணும் அடையாளங்களை மக்கள் எளிதில் நினைவில் கொள்கிறார்கள். பாரிஸில் சேன் ஆற்றின் மேலுள்ள அல்மா பாலத்தில் நிற்கும் போர்வீரன் சிலைதான் நெடுங்காலமாக அந்நகர மக்களின் அளவுகோல். 1910-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில், அதே ஆற்றில் ஆஸ்டர்லிட்ஸ் பாலத்தருகே உள்ள அளவுகோல் 8.62 மீட்டர் காட்டியபோது, நீர் அச்சிலையின் தோளைத் தொட்டது. ஆனால் பாலம் 1970-களில் புதிதாகக் கட்டப்பட்டபோது சிலையின் இருப்பிடம் மாறியதால், இன்று நீர் அதன் முழங்காலைத் தொட்டதா இடுப்பைத் தொட்டதா என்பதை 1910-உடன் நேரடியாக ஒப்பிட முடியாது. அதிகாரபூர்வ எச்சரிக்கைகள் இன்றும் ஆஸ்டர்லிட்ஸ் அளவுகோலை வைத்தே தரப்படுகின்றன.

நீர்மட்டத்தை எப்படி அளக்கிறார்கள்?

மிக எளியது, மீட்டரும் சென்டிமீட்டரும் பொறிக்கப்பட்டு நீரில் நிற்கும் அளவுகோல் பலகை. அதைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். நீர் அசைந்துகொண்டிருந்தால் மேடு, பள்ளம் இரண்டையும் சிறிது நேரம் பார்த்து நடு அளவை எடுக்க வேண்டும். பலகையின் முன்பக்கத்தில் ஓட்டம் மோதி நீர் சற்றே ஏறி நிற்கும், பின்பக்கத்தில் இறங்கி நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

அலையின் தொல்லை இல்லாமல் அளக்க, கரையில் ஒரு கிணறு தோண்டி, அதைச் சிறிய குழாயால் ஆற்றோடு இணைப்பார்கள். குழாய் குறுகலாக இருப்பதால் வேகமான அலைகள் உள்ளே எட்டாது. மெதுவாக ஏறி இறங்கும் மட்டம் மட்டும் உள்ளே வரும். அங்கே மிதக்கும் மிதவையின் நகர்வைப் பதிவுக் கருவி குறித்துக்கொள்ளும். குழாயில் சேறு அடைத்துக்கொண்டால் கிணற்றின் மட்டம் அசையாமல் நிற்கும். பல நாள் ஒரே அளவைக் காட்டும் பதிவைக் கண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

நீரடியில் வைக்கும் அழுத்த உணரி வேறொரு முறை. பத்து மீட்டர் நீர் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம் என்ற கணக்கில், அழுத்தத்திலிருந்து மேலே உள்ள நீரின் உயரம் பெறப்படுகிறது. காற்றின் அழுத்தமும் அதன்மேல் சேர்ந்தே அழுத்துவதால், அதைத் தனியே அளந்து கழிக்காவிட்டால் வானிலை மாறும்போதெல்லாம் பல சென்டிமீட்டர் பிழை வரும். நீரைத் தொடாமல், பாலத்தின் அடியிலிருந்து ரேடார் அலையை அனுப்பி, அது மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு அளக்கும் கருவிகள் இப்போது பரவலாகிவிட்டன. வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் மரங்களால் அவை சேதமடைவதில்லை என்பது பெரிய வசதி. இதே முறையை விண்ணிலிருந்து பயன்படுத்தும் செயற்கைக்கோள்களில், 1992-இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்/பொசைடன் கடல்மட்ட ஆய்வுக்கு வழி திறந்தது. 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் செயற்கைக்கோள் ஆறுகளையும் ஏரிகளையும்கூட அளக்கிறது.

பழங்காலத்தில் நீர்மட்டத்தை அளந்தார்களா?

அளந்தார்கள், அரசின் வரி விதிப்பே அதை நம்பி இருந்தது. கெய்ரோவின் ரோடா தீவில் அப்பாசியக் கலீஃபா அல்-முத்தவக்கிலின் காலத்தில், பொ.ஆ. 861-இல் கட்டப்பட்ட நைல் அளவி இன்றும் நிற்கிறது. கல் பதித்த ஆழமான குழியின் நடுவே முழக் கணக்கில் கோடுகள் பொறித்த எண்கோணத் தூண். குழிக்குள் நைலின் நீர் சுரங்க வழிகளால் வந்து சேரும். வெள்ளம் 16 முழம் ஏறினால் நல்ல விளைச்சல் என்று கொண்டார்கள். மிகக் குறைந்தால் பஞ்சம், மிக ஏறினால் ஊர்கள் மூழ்கும். அலையைத் தணிக்கக் கரையில் கிணறு வைக்கும் இன்றைய முறையும் இதுவும் அடிப்படையில் ஒன்றே.

வறட்சிக்கும் பதிவுகள் உண்டு. செக் நாட்டில் எல்பே ஆற்றில் டெச்சின் ஊருக்கு அருகே உள்ள 'பசிக் கல்'லில், நீர் வற்றிய ஆண்டுகளைப் பொறித்திருக்கிறார்கள். அவற்றில் 1616-உம் ஒன்று. 'என்னைக் கண்டால் அழு' என்ற ஜெர்மன் வாசகமும் அதில் இருக்கிறது. 2018-இலும் 2022-இலும் அந்தக் கல் மறுபடி வெளியே தெரிந்தது.

நிலத்தடி நீர்மட்டம் என்பது வேறா?

கருத்து ஒன்றுதான், சொல்லும் முறை தலைகீழானது. இங்கே பெரும்பாலும் தரையிலிருந்து கீழ்நோக்கி அளக்கிறார்கள். ஆகவே 8 மீட்டராக இருந்த அளவு 12 மீட்டர் ஆனால், எண் கூடியிருந்தாலும் நீர்மட்டம் இறங்கியிருக்கிறது. வரைபடங்களையும் அட்டவணைகளையும் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் முடிவு அப்படியே தலைகீழாகிவிடும்.

மண்ணின் அல்லது பாறையின் இடைவெளிகள் முழுவதும் நீரால் நிரம்பியிருக்கும் பகுதியின் மேல் எல்லையே நிலத்தடி நீர்மட்டம். அது தட்டையானதும் அன்று. மேட்டு நிலத்தின் அடியில் உயர்ந்தும் பள்ளத்தின் அடியில் தாழ்ந்தும், ஆற்றை நோக்கிச் சரிந்தும் இருக்கும். இரண்டு கிணறுகளில் எதிலிருந்து எதை நோக்கி நீர் நகர்கிறது என்று அறிய வேண்டுமானால், தரையிலிருந்து எடுத்த ஆழங்களை ஒப்பிட்டுப் பயனில்லை. இரண்டு தரைகளின் உயரங்களையும் கண்டு, நீர்மட்டத்தைப் பொது அடிப்படைக்கு மாற்றியபின்பே ஒப்பிட வேண்டும்.

மழைக்குப்பின் கிணற்றில் நீர் கிடுகிடுவென ஏறுவதைக் கண்டு, நிலத்தடியில் ஏராளமான நீர் சேர்ந்துவிட்டதாக மகிழ்வது இயல்பு. இதிலும் கணக்கு வேறு. மண்ணில் நீர் தங்கும் இடம் அதன் பருமனில் ஒரு சிறு பங்குதான். மணற்பாங்கான நிலத்தில் அந்தப் பங்கு பத்து விழுக்காடு என்று கொண்டால், 10 சென்டிமீட்டர் நீர் உள்ளே இறங்கும்போது மட்டம் ஒரு மீட்டர் ஏறும். விரிசல்களில் மட்டுமே நீர் தங்கும் கடினப் பாறையில் அந்தப் பங்கு ஒன்றிரண்டு விழுக்காடாகவே இருக்கலாம். அங்கே அதே 10 சென்டிமீட்டர் நீருக்கு மட்டம் 5 மீட்டரோ அதற்கு மேலோ ஏறிவிடும். இறைக்கத் தொடங்கினால் அதே வேகத்தில் இறங்கியும் விடும். பாறை நிலத்துக் கிணறுகள் ஒரு பருவத்தில் நிரம்பி மறு பருவத்தில் வற்றுவதன் காரணம் இதுவே.

மோட்டார் ஓடும்போது கிணற்றில் அளந்தால் சரியான அளவு கிடைக்குமா?

கிடைக்காது. இறைக்கும்போது கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் புனல்போலக் குழிந்துவிடும். அப்போது கிடைப்பது இறைப்பு மட்டம். மோட்டாரை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, நீர் ஏறி நின்றபின் கிடைப்பதே ஓய்வு மட்டம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்தக் கிணற்றுக்கு நீர் எவ்வளவு எளிதாக ஊறி வருகிறது என்பதைக் காட்டும். மோட்டாரை எந்த ஆழத்தில் இறக்குவது என்பதை இறைப்பு மட்டத்தை வைத்தும், அந்தப் பகுதியின் நீர்வளம் கூடுகிறதா குறைகிறதா என்பதை ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் எடுத்த ஓய்வு மட்டத்தை வைத்தும் முடிவு செய்ய வேண்டும்.

ஒரே ஏரியில் நீர்மட்டம் எல்லா இடத்திலும் சமமாகத்தானே இருக்கும்?

காற்றில்லாத நாளில் ஏறக்குறைய அப்படித்தான். பலத்த காற்று நெடுநேரம் ஒரே திசையில் வீசினால் நீர் ஒரு கரையில் குவியும். வட அமெரிக்காவின் ஈரி ஏரி நீண்டும் ஆழம் குறைந்தும் இருப்பதால், புயலின்போது அதன் இரு முனைகளுக்கும் இடையே நீர்மட்டம் 2 மீட்டருக்கு மேல் வேறுபடுவதுண்டு. காற்று நின்றதும் குவிந்த நீர் எதிர்க்கரைக்குப் பாய்ந்து, பல மணி நேரம் ஊஞ்சல்போல ஆடும். பெரிய ஏரியின் மட்டத்தைப் பல நிலையங்களின் சராசரியாகச் சொல்வது இதனால்தான்.

பனிக்கட்டி உருகினால் கடல்மட்டம் உயரும் என்கிறார்கள். கண்ணாடிக் குவளையில் உருகும் பனிக்கட்டியால் மட்டம் உயர்வதில்லையே?

குவளையில் மிதக்கும் கட்டி, தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே விலக்கி வைத்திருக்கிறது. உருகியபின் அதே இடத்தைத்தான் நிரப்புகிறது. கடலில் மிதக்கும் பனிக்கும் ஏறக்குறைய இதுவே பொருந்தும். உப்பு நீரின் அடர்த்தியால் வரும் மாற்றம் மிகச் சிறிது. ஆனால் கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் நிலத்தின்மேல் இருக்கும் பனி கடலில் மிதக்கவில்லை. அது உருகி வந்தால் புதிதாக நீர் சேர்கிறது. கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் மட்டும் கடல்மட்டம் ஏறக்குறைய 7 மீட்டர் உயரும். அதோடு, வெப்பமடையும் கடல்நீர் விரிவடைவதாலும் மட்டம் ஏறுகிறது. செயற்கைக்கோள் அளவுகள் தொடர்ச்சியாகக் கிடைக்கும் 1993 முதல் இதுவரை சராசரிக் கடல்மட்டம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது.

இயந்திரங்களில் நீர்மட்டம் ஏன் அவ்வளவு முக்கியம்?

கொதிகலனில் நெருப்பு படும் இரும்பை உருகாமல் காப்பது அதன் மறுபக்கத்தில் இருக்கும் நீரே. மட்டம் இறங்கி அந்த இரும்பு நீரின்றி வெளிப்பட்டால், சூடேறி வலுவிழந்து வெடிக்கும். ஆகையால் கொதிகலனின் பக்கத்தில் மேல்முனை நீராவியோடும் கீழ்முனை நீரோடும் இணைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று கட்டாயம் இருக்கும். அதன் கீழ்த் துவாரம் அடைத்துக்கொண்டால் குழாயில் பழைய மட்டமே நின்று பொய் காட்டும். எனவே ஒவ்வொரு பணிமுறையிலும் அதன் வடிகுழாயைத் திறந்து நீரை வெளியேற்றி, மூடியதும் நீர் உடனே ஏறி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

1979 மார்ச் 28-ஆம் நாள் அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் நிகழ்ந்த விபத்தில், அணு உலைக் கலத்துக்குள் நீர்மட்டம் எவ்வளவு என்று நேரடியாகக் காட்டும் கருவி இல்லை. அழுத்தச் சீராக்கிக் கலத்தின் மட்டத்தை வைத்தே உலையிலும் நீர் நிரம்பியிருப்பதாக இயக்குநர்கள் கருதினார்கள். திறந்தபடி நின்றுவிட்ட வால்வு வழியாக நீர் வெளியேறிக்கொண்டிருந்தபோதும், சீராக்கியின் மட்டம் உயர்ந்தே இருந்தது. உள்ளே நீர் மிகுந்துவிட்டதாக எண்ணி அவசர நீர்ப்பாய்ச்சலைக் குறைத்தார்கள். உலையின் மேற்பகுதி நீரின்றி வெளிப்பட்டு, எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகியது.

கட்டுமானத்தில் மட்டம் பார்க்கப் பயன்படும் நீர்க்குழாயும் இதோடு தொடர்புடையதா?

ஆம். இருபுறமும் திறந்த குழாயில் நிற்கும் நீர், குழாய் எப்படி வளைந்து கிடந்தாலும் இரு முனைகளிலும் ஒரே மட்டத்தில் நிற்கும் என்ற விதியே இதன் அடிப்படை. டியூப் லெவல் என்று கட்டுமானத் தொழிலாளர்கள் சொல்லும் இந்த ஒளிபுகும் குழாய், ரசமட்டப் பலகை எட்டாத தொலைவுக்கும், ஒன்றையொன்று பார்க்க முடியாத இரண்டு அறைகளுக்கும் மட்டத்தைக் கொண்டுபோகும். ஒரு சுவரில் குறித்த கோட்டோடு ஒரு முனையின் நீரைப் பொருத்தினால், மறுமுனையில் நீர் நிற்கும் இடமே அதே மட்டம்.

தவறு நேர்வது மூன்று இடங்களில். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் பொய்க்கும். அதனால் நீரை ஒரு முனையிலிருந்து மெதுவாக உறிஞ்சி நிரப்பி, குழாய் முழுவதையும் கண்ணால் ஓட்டிப் பார்த்தபின்பே வேலையைத் தொடங்க வேண்டும். நகர்த்தும்போது நீர் சிந்தாமலிருக்க முனைகளைக் கட்டைவிரலால் அடைப்பவர்கள், படிக்கும்போது இரண்டு விரல்களையும் எடுத்துவிட வேண்டும்; ஒன்று அடைந்திருந்தாலும் நீர் தன் மட்டத்துக்கு வராது. குழாயின் ஒரு பகுதி வெயிலிலும் மறுபகுதி நிழலிலும் நெடுநேரம் கிடந்தால், சூடான பக்கத்தின் நீர் விரிந்து சற்றே உயர்ந்து நிற்கும். குழாய் உயர வேறுபாட்டோடு தொங்கும் இடங்களில் இது புலப்படும் அளவுக்குப் போகும் என்பதால், வேலையை வெயில் ஏறும் முன் முடிப்பது நல்லது. இவற்றைக் கவனித்துக்கொண்டு, நீரின் ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து, இரு முனைகளிலும் நீர்ப்பரப்பின் அடிவளைவை வைத்தே கோடு போட்டால், பத்துப் பதினைந்து மீட்டர் தொலைவுக்கு ஓரிரு மில்லிமீட்டர் துல்லியம் கிடைக்கும்.